எதிர்க் கதவு

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று நான் குதிக்கவில்லை.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன். நீச்சல் குளத்தில் எட்டடித் தண்ணீர்தான். கரையில் மூன்று பேர் கயிறோடு நின்றார்கள். சாவதற்கு வழியே இல்லை. இருந்தும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரியதர்ஷினி மேம் மூன்று முறை விசில் ஊதினார். மூன்றாவது விசிலுக்குப் பிறகு நோட்டில் ஏதோ குறித்தார்.

விமானப் பணிப்பெண் பயிற்சியில் இது மூன்றாவது வாரம். விதி எல்லாருக்கும் மனப்பாடம். மொத்தப் பயிற்சியிலும் ஒரே ஒரு முறை தோற்கலாம், அதற்கு ஒரு மறுதேர்வு உண்டு. அதற்குப் பிறகு எதில் தோற்றாலும் கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என்னுடைய ஒன்று இன்றே போயிற்று. நாளை மறுநாள் மறுதேர்வு.

வீட்டில் மூச்சுவிடவில்லை. அப்பா லோதி ரோடு ஆபீஸிலிருந்து ரிடையர் ஆனதிலிருந்து ஜனக்புரி பார்க்கில் நடக்க வருகிற அத்தனை பேரிடமும் "என் பொண்ணு ஏர்லைன்ஸ்ல இருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறார். இன்னும் டிரெயினிங்தாம்ப்பா என்றால், "அதெல்லாம் ஃபார்மாலிட்டி" என்கிறார். ஃபார்மாலிட்டியாம்! வந்து குதிக்கட்டும்.

இவ்வளவு பயந்தாங்கொள்ளி எதற்கு இந்த வேலைக்கு வந்தாள்? அரசாங்க வேலைக்கு எஸ்.எஸ்.சி. பரீட்சை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டை விட்டவளுக்கு வேறு என்ன மிச்சம் இருந்தது? இன்டர்வியூவில் உயரம் பார்த்தார்கள், பல் பார்த்தார்கள், சிரிக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு லிஸ்டில் என் பெயர்: வைதேஹி ராமச்சந்திரன். அந்த லிஸ்டிலிருந்தும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

குதித்துவிட்டேன்! பாஸ்!

முழுப் பெருமையும் கூடப் பயிற்சி எடுக்கும் அனன்யாவுக்குத்தான். மறுதேர்வு எனக்கு மட்டும்தான். அவள் வரவே தேவையில்லை. மேமிடம் கெஞ்சி அனுமதி வாங்கி எனக்கு முன்னால் குதித்து, நேர் கீழே மிதந்துகொண்டு, வாக்கியத்துக்கு ஒரு தரம் வருகிற தன் ஹிந்தி 'யார்' போட்டுக் கத்தினாள். "கீழ பாக்காதே யார், என் மூஞ்சியப் பாரு! ஜல்தி!" அவள் மூஞ்சியைப் பார்த்தேன். மஸ்காரா எல்லாம் கரைந்து கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு குதித்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

பிறகு டெர்மினல் ஒன் மெட்ரோ வாசலில் சோலே குல்சா சாப்பிட்டோம். நான் குதித்த மாதிரியைப் பத்துத் தடவை நடித்துக் காட்டினாள். நாசமாய்ப் போக.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காதில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இதைத் தமிழில் எழுதுவது பாஷைப் பற்றினால் அல்ல, பாதுகாப்புக்காக. பேட்சில் இருபத்து நான்கு பேர். தமிழ் தெரிந்தவள் இன்னொருத்தி அனன்யாதான், கரோல் பாக்காரி. பேசுவாள், படிக்கத் தெரியாது. என்னைத் தமிழ்ப் பள்ளியில் போட்டார்கள், அவளைக் கான்வென்ட்டில். இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதுகிறேன். "என்ன யார் எப்பப் பாத்தாலும் எழுதறே, ஜிலேபி ஜிலேபியா?" என்கிறாள்.

இன்று கதவு வகுப்பு. எழுதி வைத்தால் பயம் குறையும் என்று எழுதுகிறேன்.

விமானத்தின் ஒவ்வொரு கதவிலும் ஒரு ரப்பர் சறுக்கு மடித்து வைத்திருக்கிறது. புறப்படும் முன் கதவிலுள்ள லீவரைக் கீழே இறக்குவோம். அதற்குப் பிறகு கதவைத் திறந்தால் சறுக்கு வெடித்துக்கொண்டு வெளியே பாயும். ஆபத்தில் ஜனங்கள் அதில் சறுக்கி இறங்கலாம். ஊருக்குப் போய் இறங்கியதும் லீவரை முழுக்க மேலே தள்ள வேண்டும். சின்னக் கண்ணாடியில் பச்சை தெரியும். பச்சை தெரியாமல் கதவைத் திறந்தால், வெளியே சாப்பாட்டு வண்டியில் நிற்கிற ஆளை அந்தச் சறுக்கு அடித்துத் தள்ளிவிடும்.

அதனால் ஒருத்தியை நம்புவதில்லை. அவரவர் கதவை முடித்துவிட்டு, எதிர்க் கதவுக்குப் போய், குனிந்து, கண்ணால் பார்த்து, "கிராஸ் செக்" என்று சொல்ல வேண்டும். மேம் லக்னோக்காரர், ஹிந்தியில்தான் திட்டுவார். "உன் கதவு பாதி வேலை. எதிர்க் கதவு மீதி வேலை" என்று இன்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

இன்னொன்று. புறப்படும்போதும் இறங்கும்போதும் எங்கள் இருக்கையில் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, நெருப்பு வந்தால் என்ன, எந்தப் பக்கம் ஓடுவது என்று முப்பது விநாடி மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தமாகச் சொல்லிக் காட்டச் சொன்னார். நான் பதினோரு ஆபத்து சொன்னேன். "போதும்மா, விமானம் இறங்கி எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு" என்றார். வகுப்பே சிரித்தது.

ஆகஸ்ட் 17, சனி

அனன்யாவுக்கு முதலுதவிப் பேப்பரில் ஒரு மார்க் குறைந்துவிட்டது. திங்கள்கிழமை மறுதேர்வு. பாஸ் பண்ணிவிடுவாள், ஆனால் அவளுடைய ஒன்றும் போயிற்று. "அச்சா, இனிமே நீயும் நானும் சேம் டு சேம்" என்றாள். அவளுக்கு எதுவும் உறைக்காது. எனக்குத்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயம்.

ஆகஸ்ட் 21, புதன்

கதவுத் தேர்வு.

முழுசாக எழுதிவிடுகிறேன். எங்கேயாவது ஒரு இடத்தில் உண்மை இருக்கட்டும்.

மாதிரி விமானத்துக்குள் நானும் அனன்யாவும். நான் வலது கதவு, அவள் இடது. இறங்கியாயிற்று என்று அறிவிப்பு வந்தது. லீவரை மேலே தள்ளினேன். பச்சை. மறுபடி பார்த்தேன், பச்சை. விரலால் தொட்டுப் பார்த்தேன். மேம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். என் கதவு, என் கதவு, என் கதவு. தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. அனன்யா என் பக்கம் வந்து, குனிந்து பார்த்து, "கிராஸ் செக்" என்றாள். அவள் பார்த்தாள். ஒழுங்காகப் பார்த்தாள்.

நான் திரும்பினேன். இரண்டு அடி நடக்க வேண்டும். நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே கட்டைவிரலைத் தூக்கி "கிராஸ் செக்" என்றேன்.

அவள் கதவைத் திறந்தாள். அலாரம் அலறியது. சிவப்பு விளக்கு.

மேம் எழுந்து வந்து பார்த்தார். லீவர் பாதியில் நின்றிருந்தது. "வைதேஹி, நீ செக் பண்ணினபோது எப்படி இருந்தது?"

"பச்சையா இருந்தது மேம்."

யோசித்துச் சொல்லவில்லை. சூடு பட்டால் கை இழுத்துக்கொள்கிற மாதிரி வந்துவிட்டது. ஆனால் வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்கவும் இல்லை. மேம் அனன்யாவைப் பார்த்து, "அப்படின்னா செக் முடிஞ்ச பிறகு பதற்றத்துல நீதான் லீவரைத் தட்டியிருக்கே" என்றார். எனக்கு டிக் போட்டார். அவளுக்குப் போடவில்லை.

வாசலில் அனன்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. "நான் மறுபடி தொட்டேனா வைதேஹி? எனக்கு ஞாபகமே இல்ல யார். நான் தொட்டேனா?"

"டென்ஷன்ல தொட்டிருப்பே" என்றேன்.

நான்தான் சொன்னேன். இந்த வாயால்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அவ இடம் காலி. யாரும் உக்காரல. நானும் அந்தப் பக்கம் திரும்பல. சாப்பாடு இறங்கல. இப்ப போய்ச் சொன்னா? ரெண்டாவது தோல்வி, அதுக்கு மேல பொய் வேற. அன்னிக்கே வெளியே. அவளும் போய் நானும் போய் யாருக்கு என்ன லாபம்? சொல்லு. யாருக்கு?

இதை எழுதும்போதே தெரியுது, இது நொண்டிச் சாக்குன்னு.

ஆகஸ்ட் 24, சனி

அப்பா பார்க்கிலிருந்து வந்ததும், "கதவுப் பரீட்சை பாஸாமே? ப்ரணவ் சொன்னான்" என்றார். என் தம்பிக்கு வாயில் எதுவும் தங்காது. "பார்க்குக்கு வர சாய்ராம் சார்கிட்ட சொன்னேன். அவர் பொண்ணுக்கும் அப்ளை பண்ணணுமாம், உன்னைக் கேக்கணும்னார்."

சரிப்பா என்றேன். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கோகுலாஷ்டமி, லீவு. அம்மா சீடை உருட்டச் சொன்னாள். உருட்டினேன். "என்னடி, ஒண்ணொண்ணும் ஒவ்வொரு சைஸ்ல இருக்கு, கை ஏன் நடுங்கறது?" என்றாள். ஏ.சி. என்றேன். அடுக்களையில் ஏ.சி. கிடையாது. அம்மா மாவை வாங்கிக்கொண்டாள்.

அனன்யாவிடமிருந்து மெசேஜ்: "நாளைக்கு ஐ.டி. கார்ட் ரிட்டர்ன் பண்ண வரேன். லஞ்ச் சாப்டலாமா?"

வராதேயேன். ப்ளீஸ். வராதே.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வந்தாள்.

கேன்டீனில் எதிரே உட்கார்ந்து ராஜ்மா சாவல் சாப்பிட்டாள். இந்த நோட்டு மேஜைமேல் இருந்தது. நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அதைப் பிரித்துப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமைப் பக்கம். விரலை வைத்து, "ஏய், இது என் பேர்தானே?" என்றாள். அவள் அம்மா சின்ன வயதில் அவள் பெயரை மட்டும் எழுதச் சொல்லிக் கொடுத்தாளாம். "அ… ன… இதோ இன்னொண்ணு. இங்கேயும் இருக்கு! எவ்ளோ வாட்டி எழுதிருக்கே! என்னப் பத்தி என்ன எழுதிருக்கே?"

"நல்லதாத்தான்" என்றேன்.

"போ யார், அழ வெக்காதே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ராத்திரியெல்லாம் அந்த லீவரையே நெனச்சிட்டிருக்கேன். நான் தொட்டது ஞாபகம் வரமாட்டேங்குது. எனக்கு மூளைல ஏதாவது பிராப்ளமான்னு பயமா இருக்கு. அம்மா டாக்டர்கிட்ட போலாம்ங்கறா."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். அட்டையை ஆபீஸில் கொடுத்துவிட்டு, வெறும் கழுத்தோடு கேட்டைத் தாண்டிப் போனாள்.

டாக்டர்! என்னால அவ டாக்டர்கிட்ட போகப் போறா. சீ, நான் என்ன ஜன்மம்?

ஆகஸ்ட் 28, புதன்

காலை எட்டு மணிக்கே போய் மேம் அறை வாசலில் நின்றேன். இரண்டு தடவை பாத்ரூம் போய் வந்தேன். மூன்றாவது தடவை போகத் திரும்பும்போது மேம் வந்துவிட்டார்.

"மேம், நான் எதிர்க் கதவைப் பாக்கல. பச்சைன்னு சொன்னது பொய். அனன்யா தொடல."

இவ்வளவுதான். ஒரு வாரமாக இதைச் சொல்வதற்கு எத்தனை விதமான முன்னுரை யோசித்தேன்! எல்லாம் மறந்துவிட்டது.

மேம் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பார்க்காதது தப்பு. அதுக்கு நீயே வந்து சொன்னா எங்க தொழில்ல தண்டனை கிடையாது. சொன்னாத்தான் அடுத்தவ அதே தப்பைப் பண்ணமாட்டா. ஆனா நீ ஒரு வாரம் இன்னொருத்தியைக் குற்றவாளியா நடமாட விட்டியே, அதுக்கு நான் என்ன பேர் வைக்கட்டும்?"

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வகுப்புக்குப் போகாமல் வரவேற்பறையில் உட்கார் என்றார்.

பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. இன்னும் அதிகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வியாழன்

வரவேற்பறை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. யாரும் கூப்பிடவில்லை. பேட்ச் முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வந்தவர்கள் என்னைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தினார்கள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

முடிவு சொன்னார்கள்.

அனன்யா இன்றே திரும்பி வரலாம். லீவரைப் பாதியில் விட்டது அவள் தப்புதான், ஆனால் செக் நடக்காத தேர்வு தேர்வே அல்ல, செல்லாது. திங்கள்கிழமை புதிதாகச் செய்து காட்டுவாள்.

நான் இந்த பேட்சில் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் என் கோப்பில் எப்போதும் இருக்கும். அடுத்த பேட்ச் ஆரம்பிக்கும்போது இடமிருந்தால் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் இல்லை. கூப்பிட்டாலும் முதல் நாள் பாடத்திலிருந்து. எல்லாம் மறுபடி. நீச்சல் குளமும்.

அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

மெட்ரோவில் பாலம் ஸ்டேஷன் தாண்டும்வரை ஒன்றும் தோன்றவில்லை. தஷரத்புரியில் அழுகை வந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் கேள்வி எதுவும் கேட்காமல் தன் துப்பட்டா நுனியை என் பக்கம் நகர்த்தினாள். டில்லியில் இப்படியும் ஜனங்கள் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பொய்யையும் சேர்த்து. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அந்தப் பொண்ணு ஆத்துல போய்ச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "போ" என்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

கரோல் பாக் போனேன். இரண்டாவது மாடி. அனன்யா தேர்வை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பாஸ். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு அமைதியை நான் பார்த்ததே இல்லை.

"ஏழு நாள்" என்றாள். "நான் பைத்தியமான்னு ஏழு நாள் யோசிச்சேன். அன்னிக்கு எதிர்ல உக்காந்து சோறு பிசஞ்சியே. உன் நோட்டுல என் பேர் இருக்குன்னு நான் அழுதேன் யார்."

"ஸாரி அனன்யா."

"அச்சா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 4, புதன்

அப்பா இரண்டு நாளாக நடக்கப் போகவில்லை. இன்று போனார். வந்ததும் கேட்டேன், "பார்க்கில என்னப்பா சொன்னே?"

"இன்னும் டிரெயினிங்தான்னு சொன்னேன்."

செப்டம்பர் 27, வெள்ளி

போன் வந்தது. திங்கள்கிழமை புது பேட்ச், ஒரு இடம் இருக்கிறதாம். "வருவியா?" என்று மேம் கேட்டார். வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

குதித்தேன். கீழே யாரும் இல்லை. குதித்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

கதவுத் தேர்வு. என் கூட்டாளி ஃபரீதாபாத் பெண். அவள் கதவின் முன்னால் குனிந்து அவ்வளவு நேரம் நின்றேன் போலிருக்கிறது, "ஆச்சா?" என்று மேம் கேட்டார். ஆச்சு மேம். டிக்.

வெளியே ஒரே புகைமூட்டம், கண் எரிச்சல். அனன்யா பறக்க ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். மெசேஜ் டைப் பண்ணி அழித்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

கண்காணிப்பில் பறக்கும் பயிற்சியும் முடிந்தது. பயமில்லையா என்று ப்ரணவ் கேட்டான். இருக்கு என்றேன். "அப்ப எப்படிப் போறே?" எனக்கும் தெரியவில்லை. பஸ் பிடிக்கிற மாதிரி போகிறேன்.

ஜனவரி 20, திங்கள்

நாளை முதல் முறையாகத் தனிப் பொறுப்பு. டில்லி–பாட்னா–டில்லி. ரோஸ்டரில் நான்கு பெயர். பின்பக்க வலது கதவு: வைதேஹி. பின்பக்க இடது கதவு: அனன்யா.

போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எடுத்து மறுபடி பார்த்தேன். அதே பெயர்தான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? சொல்லலாம். சொல்லமாட்டேன். அது இன்னொரு பொய்.

ஜனவரி 21, செவ்வாய்

மூடுபனியால் மூன்று மணி நேரத் தாமதம். அந்த மூன்று மணி நேரமும் பின்பக்க அடுக்களையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் எனக்கு ஒரு பேட்ச் சீனியர் இப்போது. "தண்ணி எண்ணு." "டிராலி பூட்டு." வேலைக்கு வேண்டிய வார்த்தைக்கு மேல் ஒன்றும் இல்லை.

புறப்படும் அறிவிப்பு வந்தது. என் லீவரை இறக்கினேன். அவள் வந்தாள், குனிந்தாள், பார்த்தாள். நான் அவள் பக்கம் போனேன், குனிந்தேன், பார்த்தேன். "கிராஸ் செக்." "கிராஸ் செக்." பாட்னாவிலும் அப்படியே. திரும்பி வரும்போதும் அப்படியே.

டில்லியில் இறங்கி நின்றோம். லீவரை மேலே தள்ளினேன். எதிர்க் கதவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு "கிராஸ் செக்" என்றேன். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அவள் கைப்பிடியில் கை வைத்தவள், திறக்காமல் அப்படியே நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாக நேராக என் முகத்தை.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன பாத்தே? சொல்லு."

"லீவர் முழுசா மேல இருக்கு. கண்ணாடில பச்சை. ரெண்டு தடவை பாத்தேன்."

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே சாப்பாட்டு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அச்சா" என்றாள். லீவரைத் திரும்பச் சரிபார்க்காமல் கைப்பிடியைத் தூக்கித் தள்ளினாள். கதவு சாதாரணமாகத் திறந்தது.